வானம் பார்த்த குழாய்

வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒருவர் பேச முயன்றால் எப்படிக் கேட்குமோ, அப்படித்தான் எங்கள் ஊர்ச் சாவடிக் கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கி மழை பெய்த மறுநாள் பேசும். தொண்டைக்குள் "கொளகொள"வென்று ஏதோ புரளும், நடுநடுவே அரைச் சொல் ஒன்று தெறித்து விழும், மறுபடியும் கொளகொள. பிள்ளைகளாகிய நாங்கள் அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறோம். கன்னத்தை உப்பிக்கொண்டு அதே மாதிரி பேசிக் காட்டியிருக்கிறோம். இப்போது எண்பது கடந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் முற்றத்தில் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவே ஒரு கரட்டுச் சரிவில் இருந்தது. மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். நிலம் வைத்திருந்த எங்கள் பங்காளிகளின் ஓட்டு வீடுகள் மேட்டில் இருந்தன; அதற்கு "மேட்டுத் தெரு" என்று பெயர். எங்கள் நிலங்களில் பாடுபட்டவர்களின் கூரை வீடுகள் பள்ளத்தில். அது "பள்ளத்து வளவு". இரண்டுக்கும் நடுவில் சாவடி, சாவடிக்குக் கிழக்கே ஒரு எல்லைக் கல். வளவுக்காரர்கள் அந்தக் கல்லைத் தாண்டி வேலைக்கு வரலாம். நின்று வேடிக்கை பார்க்கவோ, உட்கார்ந்து பேசவோ வரக் கூடாது. யாரும் எழுதி வைக்காத இந்தச் சட்டம் ஒன்பது வயதில் எனக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரியும்.

அது இரண்டாம் உலக யுத்தம் என்ற பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பட்டாளத்துக்கு ஆள் கொடுத்த ஊர்களுக்கெல்லாம் சர்க்கார் ரேடியோப் பெட்டி கொடுப்பதாகப் பேச்சு அடிபட்டது, எங்கள் ஊருக்கும் ஒன்று வந்தது. ஆள் கொடுத்த ஊர் என்றால் கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். எங்கள் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போன ஐந்து பேரும் பள்ளத்து வளவுப் பையன்கள். மேட்டுத் தெருவிலிருந்து ஒரு குருவிகூடப் போகவில்லை. ஆனால் பெட்டியை மாலை போட்டு வரவேற்றதும், சாவடிக்குள் பலகை அடித்து அதன்மேல் வைத்ததும், அதன் சாவியைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் ஒப்படைத்ததும் மேட்டுத் தெருக்காரர்கள். ஊர்ப் பெரியதனம் என் அப்பாவிடம் இருந்ததால் எல்லாம் அவர் சொன்னபடி நடந்தது. மேட்டூர்க் கரண்டு எங்கள் கடலைக் காட்டுக்கு மேலாகவே கம்பியில் போய்க்கொண்டிருந்தாலும் ஊருக்குள் இறங்காத காலம் ஆகையால், பெட்டிக்குப் பாட்டரிதான். அதற்குச் சார்ஜ் ஏற்ற வண்டி கட்டிச் சங்ககிரிக்குப் போவார்கள்.

பெட்டி சாவடிக்குள் இருந்தாலும் குரல் வெளியே கம்பத்தின் உச்சியில் கட்டிய தகரக் குழாய் வழியாகத்தான் வரும். ஊமத்தம்பூவை ஆள் உயரத்துக்கு வளர்த்ததுபோல் இருக்கும். அதைக் கட்டுவதற்குச் சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். அம்மாபேட்டைக்காரர், ஒல்லியான மனிதர், காக்கி அரைக்கால் சட்டை. ஏணி வைத்து ஏறி, குழாயைக் கிழக்கே பார்த்து, வாய் சற்றுக் கீழே சாய்ந்தாற்போல் முடுக்கிவிட்டு இறங்கினார். அதிலிருந்து பெட்டிக்கு வரும் ஒயரை நேராக இழுக்காமல், சாவடிச் சுவரில் நுழையும் இடத்துக்கு முன்னால் தொட்டில் கயிறுபோலக் கொஞ்சம் தொங்கவிட்டிருந்தார். அப்பா காரணம் கேட்டார்.

"மழைத் தண்ணி ஒயர் வழியா ஓடியாந்தா அந்தத் தொங்கல்ல சொட்டிருமுங்க, பெட்டிக்குள்ள போகாது. கொழாயும் அப்பிடித்தாங்க, வாய் கொஞ்சம் குனிஞ்சே இருக்கணும். மானத்தைப் பார்த்து வெச்சா தண்ணி குடிச்சிரும். குடிச்சிட்டா அப்புறம் பேசாதுங்க."

ஒயர் விஷயம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. குழாய் விஷயம்தான் பிடிக்கவில்லை. என் பெரியப்பா கம்பத்தடியில் நின்று, குழாயின் வாய் எங்கே பார்க்கிறது என்று துண்டை நெற்றிக்குக் குடைபிடித்துக்கொண்டு பார்த்தார். அது நேராகப் பள்ளத்து வளவின் கூரைகளைப் பார்த்தது.

"ஏனுங்க, இது அங்க போயல்ல எறங்குது?" என்றார்.

"சரிவுப் பக்கம் குரல் நல்லா ஓடுமுங்க."

"ஓடும், ஓடும். அவங்க பொழுதோட பாட்டுக் கேக்க உக்காந்துட்டா, நம்ம கெணத்துல எறைக்கறதுக்கு நீங்க வாரீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். மெக்கானிக் சிரிக்கவில்லை. மேற்கே திருப்பினால் மேடு தடுக்கும், குனிந்த குழாயின் குரல் முதல் இரண்டு வீட்டோடு மண்ணில் முட்டி நின்றுவிடும், வேண்டுமானால் கம்பத்தையே பிடுங்கி மேட்டின் உச்சியில் நட்டு அங்கிருந்து கீழே பார்க்க வைக்கலாம், ஊர் முழுக்கக் கேட்கும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"அப்பவும் அவங்களுக்குக் கேக்குமல்ல?" என்றார் பெரியப்பா.

கடைசியில் அப்பா தீர்ப்புச் சொன்னார். கம்பம் சாவடியிலேயே இருக்கட்டும். குழாய் மேற்கே திரும்பட்டும். மேடு தடுக்காதபடி வாயை நன்றாகத் தூக்கி வைக்கட்டும். மெக்கானிக் "உங்க இஷ்டமுங்க" என்று ஏறித் திருப்பி வைத்தார். இறங்கிச் சாமான்களைப் பையில் போடும்போது, "மழை மோடம் போட்டா எறக்கி வெச்சிக்கங்க" என்று ஒரு தடவை சொன்னார். எங்களுடையது வானம் பார்த்த பூமி, மூன்று மாதத்துக்கு ஒரு தூறல் விழுந்தால் கும்பிடு போடுகிற ஊர். மழையைக் கண்டு பயப்படச் சொல்கிறானே என்று அவர் போன பிறகு அதற்கும் சிரித்தார்கள்.

அந்த வருஷம் பார்த்து மழை நன்றாகப் பெய்தது. முதல் மழையிலேயே குழாய் தண்ணீர் குடித்தது. பிறகு நடந்த வைத்தியங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. மழையில் காட்டுக்குப் போகிறவர்கள் கோணிச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொள்வார்களே, "கொங்காடை", அதை ஒன்று குழாய்க்கும் போட்டார்கள்; குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் முனகியது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டிக் கூரை செய்து மாட்டினார்கள். காற்றில் அது தடதடவென்று அடித்துக்கொண்டதில் பாட்டும் கேட்கவில்லை, பேச்சும் கேட்கவில்லை. பனையோலையை வேய்ந்தார்கள், காக்கை கூடு கட்டியது. ஊரில் இருந்த அத்தனை மூளையும் குழாய்க்குக் குடைபிடிப்பதில் செலவாயிற்று. வாயைக் கொஞ்சம் குனிய வைத்தால் தீர்ந்தது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சொல்லத்தான் மேட்டுத் தெருவில் ஒரு வாய் இல்லை.

பாவாயி எங்கள் பண்ணையத்தில் வேலை செய்தவள். புருஷன் இல்லை, ஒரே மகன் சடையன். எங்கள் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தவன், மாசி மாதத்தில் பட்டாளத்துக்குப் போய்விட்டான். போவதற்கு முன் ஒரு வெள்ளாட்டுக் குட்டியை, தாயாடு செத்துப்போனதால் என் அப்பா அவனுக்கே கொடுத்துவிட்டிருந்ததை, துணியைப் பாலில் நனைத்துப் புகட்டிப் பிழைக்க வைத்திருந்தான். பாவாயி அந்தக் குட்டியோடு தனியே இருந்தாள். ஐப்பசியில் ஒருநாள் அவளுக்கு ஒரு கார்டு வந்தது. வாத்தியார் அதை எல்லைக் கல் அருகே நின்று படித்துக் காட்டினார். பட்டாளத்தில் ஒரு மெஷின் கொண்டுவந்து சிப்பாய்களின் குரலைப் பிடித்திருக்கிறார்களாம். வருகிற புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ரேடியோவில் சடையன் தன் சொந்தக் குரலில் ஆத்தாளோடு பேசுவானாம்.

அந்த ஒரு வாரம் பாவாயி நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். களையெடுக்கும்போது கை நிற்கும், வானத்தைப் பார்ப்பாள், சிரிப்பாள். மேற்கே திரும்பிய குழாயின் முதுகுப்பக்கம் நின்றால் எல்லைக் கல்லுக்கு அப்பால் ஒன்றும் கேட்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே அப்பாவிடம் வந்து கெஞ்சினாள். அன்றைக்கு ஒருநாள் கல்லைத் தாண்டிப் பதினைந்தடி வந்து கம்பத்தடியில் நிற்கலாம் என்று அப்பா உத்தரவு கொடுத்தார். "பெரிய மனசு" என்று ஊரே அவரைப் புகழ்ந்தது. எனக்கும் பெருமை பிடிபடவில்லை.

செவ்வாய்க்கிழமை கொட்டித் தீர்த்தது. புதன் மத்தியானம்தான் விட்டது. ஐந்தரை மணிக்கெல்லாம் வளவு முழுவதும் கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டது. பாவாயி தலைக்கு ஊற்றி, வெளுத்த சேலை கட்டி, குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கம்பத்தடியில் நின்றாள். நான் சாவடிக்குள் வாத்தியார் பக்கத்தில், பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். வாத்தியார் பெட்டியைத் திறந்தார். குழாய் கொளகொளவென்றது.

பாவாயிக்கு உடனே புரிந்துவிட்டது. "சாமி, அதெச் சித்த கவுத்தி உட்டீங்கன்னா தண்ணி வடிஞ்சுருமுங்க. இன்னைக்கி ஒரு நாளைக்கி மட்டுமுங்க."

"அதென்ன உங்கூட்டுச் சொம்பா, கவுத்தறக்கு?" என்றார் பெரியப்பா.

அப்பா கம்பத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். மேட்டுத் தெரு ஆண்கள் அத்தனை பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பேச ஆரம்பிச்சா சூட்டுல தண்ணி தானா வத்திரும். சும்மா நில்லு, பாவாயி" என்றார்.

மணி ஆறானது. நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது என்பது கொளகொளப்பின் தாளம் மாறியதிலிருந்து தெரிந்தது. ஒரு குரல் புரண்டது, நின்றது. இன்னொரு குரல் புரண்டது. எது யாருடையது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். வாத்தியார் திருகைத் திருகித் திருகிப் பார்த்தார், வேர்த்துவிட்டது அவருக்கு. பாவாயி கம்பத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, காதை அதன்மேல் வைத்து, மரம் வழியாகவாவது மகன் குரல் இறங்கிவராதா என்று நின்றாள். கல்லுக்கு அப்பால் எல்லாரும் கால்நுனியில் எம்பி நின்றார்கள். இந்தப் பக்கம் யாரோ ஒரு பையன் கன்னத்தை உப்பிக் கொளகொளவென்று செய்து காட்டினான், இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் ஒருத்தி நான்.

வெகுநேரம் கழித்து அப்பா தலையாரிக்குச் சைகை காட்டினார். அவன் ஏணி போட்டு ஏறித் திருகாணியைத் தளர்த்தினான். குழாய் தலை கவிழ்ந்ததும் குடத்தைச் சாய்த்ததுபோலத் தண்ணீர் கொட்டியது, கூடவே அழுகிய வேப்பிலையும் செத்த குளவி இரண்டும். பாவாயியின் தலையிலேயே கொட்டியது. அவள் நகரவில்லை. உடனே குரல் கணீரென்று வந்தது: சந்தைகளில் நிலக்கடலை என்ன விலை, பருத்தி என்ன விலை.

"பாத்தியா, இப்பக் கேக்குது" என்றார் அப்பா.

"எம்பையன் இனிமேத்தான் பேசுவானுங்களா?"

வாத்தியார் எழுந்து வெளியே வந்து, "முடிஞ்சு போச்சும்மா" என்றார். அவள் அதை நம்பாமல் கடலை விலை, பருத்தி விலை, எள்ளு விலை எல்லாம் முடிகிற வரைக்கும் சொட்டச் சொட்ட நின்றாள். மறுநாள் காலையில் குழாய் மறுபடியும் மேற்கே திரும்பி வானத்தைப் பார்த்தது.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. கார்த்திகையில் பாவாயி சந்தைக்குப் போனபோது பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் அவளை அடையாளம் கண்டுகொண்டு, "உங்கூருச் சடையன் ரேடியோவுல பேசுனானே, எங்கூர்ல நல்லாக் கேட்டுச்சு" என்றிருக்கிறான். ஆத்தா, நான் சுகமாக இருக்கிறேன் என்றானாம். பிறகு வெள்ளாட்டுக் குட்டியைப் பற்றி என்னவோ ஆரம்பித்தானாம். அதற்குள் கேட்டுக்கொண்டிருந்தவனின் கைக்குழந்தை அழுதுவிட்டதால் தூக்கிக்கொண்டு அப்பால் போய்விட்டானாம், மீதி கேட்கவில்லை.

பாவாயிக்கு அந்த மீதி வேண்டும். குட்டியை விற்றுச் சாப்பிடச் சொன்னானா, சாமிக்கு நேர்ந்துவிடச் சொன்னானா, வைத்திருக்கச் சொன்னானா? கடலைக் காட்டில் நான் தனியே இருந்தபோது என் எதிரில் வந்து குந்தினாள்.

"சின்னம்மணி, நீங்க பொட்டிக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே. உங்க காதுல ஏதாச்சும் உழுந்துச்சுங்களா?"

விழவில்லை. எனக்கு எதுவுமே விழவில்லை. ஆனால், "விழுந்துச்சு" என்றேன். இரக்கத்தால் சொன்னேன் என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை அதல்ல. விழவில்லை என்று சொன்னால் அடுத்து அவள் என் அப்பாவைக் குறைசொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவர் செய்ததில் நஷ்டம் ஒன்றுமில்லை என்று ஆக்க நினைத்தேன். அதற்கு எனக்கு ஒரு விநாடி போதுமாயிருந்தது. "பொங்க நோம்பிக்கு வாரேன், அது வரைக்கும் குட்டிய வித்துராதேன்னு சொன்னான்" என்றேன்.

என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் என்னைத் தொட்டது அதுதான் முதலும் கடைசியும். தொட்டுவிட்டோமே என்று உடனே பதறி விலகினாள்.

மார்கழியில் சர்க்கார் தபால் வந்தது. சடையன் இறந்துவிட்டான். வாத்தியார் அதே கல்லருகில் நின்று படித்தார். அப்பாவும் பெரியவர்களும் இருந்தார்கள். பாவாயி அழவில்லை. "அதெப்படிங்க? வேற எந்தச் சடையனோ. எம்பையன் பொங்க நோம்பிக்கு வாரேன்னு அவன் வாயாலயே சொல்லியிருக்கறான். சின்னம்மணி காதால கேட்டிருக்குதுங்க" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். அன்றைக்குக் குழாயில் ஒரு சொல்கூட வரவில்லை என்பது அவருக்குத் தெரியும், வாத்தியாருக்குத் தெரியும், அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். இல்லை என்று நான் சொன்னால், ஏன் கேட்கவில்லை என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு கம்பத்தில் ஏறிக் குழாயில் போய் நிற்கும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அப்பா என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். "சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பாவாயி மகனுக்குக் கருமாதி செய்ய மறுத்துவிட்டாள். உறவுக்காரர்கள் திட்டினார்கள், ஆத்மா அலையும் என்று பயமுறுத்தினார்கள். உசுரோட இருக்கிறவனுக்கு யாராவது எள்ளுத் தண்ணீர் இறைப்பார்களா என்று கேட்டாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் சுவரைப் பூசி, அவனுக்கும் சேர்த்து ஆக்கினாள். குட்டி வளர்ந்து கிடாவாகி, கிழமாயிற்று. சில வருஷங்கள் கழித்து மழை அடியோடு பொய்த்து வளவே ஆடுமாடுகளை விற்று வயிற்றைக் கழுவியபோதுகூட அவள் அதை விற்கவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லைக்குக் கம்பங்கூழுக்கு வந்து நின்றாள். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம். வழக்கப்படி, அவள் சட்டியில் படாமல் உயரத் தூக்கி ஊற்றினேன். "அவன் வந்தா மொதல்ல உங்களத்தான் சாமி கும்புடச் சொல்லுவேன்" என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். கூழ் தீர்ந்ததும் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கிடா செத்த மறுவருஷம் அவளும் போய்விட்டாளாம். நான் புருஷன் ஊரில் இருந்தேன். ஒரு மாதம் கழித்துப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள்.

போன மாசியில் ஊருக்குப் போயிருந்தேன். சாவடி இல்லை, கம்பம் இல்லை. எல்லைக் கல்லைத் தார்ரோட்டுக்கு அடியில் புதைத்துவிட்டார்கள் என்றார்கள், புதைந்தது கல் மட்டும்தான் என்பதை ஊருக்குள் கால்மணி நேரம் நடந்தால் தெரிந்துகொள்ளலாம். மாரியம்மன் நோம்பிக்கு மைக்செட் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் மரத்தில் ஏறி நாலு பக்கமும் நாலு குழாயைக் கட்டினான். ஒவ்வொன்றையும் கட்டி முடித்ததும், யாரும் சொல்லாமலே, உள்ளங்கையால் அதன் தலையை ஒரு தட்டுத் தட்டிக் கீழே குனிய வைத்தான். கீழே இருந்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தட்டு; அவ்வளவுதான் வேலை.

அந்தப் புதன்கிழமை சாவடியில் இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான். சடையன் அந்தக் குட்டியைப் பற்றி என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது, பாவாயி. எனக்கு எதுவும் கேட்கவில்லை.